பயிலரங்கா, கூடவே போவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு சிறிய குழந்தை நல அமைப்பில் மேற்பார்வையாளர் வேலை எனக்கு. புதிதாகச் சேரும் சமூகப் பணியாளர்களைப் பழக்க இரண்டு வழி இருந்தது. மூன்று நாள் பயிலரங்கும் மாதம் ஒரு குழுக் கூட்டமும் ஒன்று. முதல் ஆறு மாதம் வீடுகளுக்கு நானும் கூடப் போய், வாரம் ஒரு மணி நேரம் கோப்போடு உட்காருவது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்து, இப்போது இரண்டாவதில் நிற்கிறேன்.

பயிலரங்கு மலிவு, ஒரே நேரத்தில் பத்துப் பேர் உட்காரலாம். சட்டம் சொல்லித்தர அது போதும். குடும்பத்தைக் காத்து வலுப்படுத்த வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். உத்தரவில்லாமல் பிள்ளையைப் பிரித்தெடுத்தால் நீதிமன்றம் தானாகவே அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வகுப்பில் கேட்டால் எல்லோரும் ஒப்பிப்பார்கள். வாசற்படி தாண்டியதும்தான் சிக்கல்.

ஒரு வீட்டில் அம்மா 'சுகர்ஸ்' என்னும் போதைப்பொருள் பழக்கத்தில் எங்கோ போய்விட்டாள். இரண்டு பிள்ளைகளும் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம். எங்கள் புதுப்பெண் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வருமானம் எவ்வளவு, அறை எத்தனை என்று வரிசையாகக் கேட்டாள். ஆயா நிமிரவே இல்லை. டம்ளரைக்கூட இரண்டு கையாலும்தான் பிடித்தார், அவ்வளவு நடுக்கம். கதவுக்குப் பின்னால் இரண்டு பள்ளிச் சட்டைகள், மடிப்புக் கலையாத இஸ்திரியோடு தொங்கின. காரில் ஏறியதும், "அந்தச் சட்டைக்கு யார் இஸ்திரி போட்டிருப்பார்கள்?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் அவளே போய் விசாரித்து வந்தாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெரியம்மா. பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போகிறாராம். படிவத்தில் அவருக்குக் கட்டமே கிடையாது. அறிக்கையைத் திருத்தி எழுதினோம். பெரியம்மாவையும் உட்கார வைத்துக் குடும்பக் கூட்டம் நடத்தினோம்.

ஆனால் நான் சாய்ந்ததற்குப் பெரிய காரணம் வேறு. ஆள் போனபின் அலுவலகத்தில் என்ன மிஞ்சுகிறது? எங்கள் சம்பளம் அரசுத் துறையைவிடக் குறைவு. தொழில் பழகியவர்கள் அங்கே இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பயிலரங்கில் மட்டும் தேறியவர் போனால் அந்தக் குடும்பங்களும் அவர் தலைக்குள்ளேயே போய்விடும். பிள்ளையை ஒருவரிடம் வளர்க்க ஒப்படைக்கும் நீதிமன்றத்தின் வளர்ப்பு உத்தரவோ பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான். கோப்பு கேட்பாரற்றுக் கிடக்கும்போதே கெடு முடிந்துவிடும். நாடு முழுக்க இப்படித் தேங்கிப்போய்த்தான் 2011இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தலையிட்டு உத்தரவுகளை நீட்டிக்க வேண்டிவந்தது.

கூடப் போயிருந்தால் எனக்கும் வீடு தெரியும். அந்தப் பெண் விலகியபோது அடுத்தவரைக் கூட்டிப்போய், "இனிமேல் இவங்க வருவாங்க ஆயா" என்றேன். புதியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெரியம்மா வேலை முடிந்து வரும் நேரத்தைத் தானாகவே சொன்னார்.

செலவு என்று பார்த்தால் என் நேரமும் பெட்ரோலும்தான். என் சொந்த அறிக்கைகளை இரவில்தான் எழுதுகிறேன். இன்னொரு தொல்லையும் உண்டு: நான் போனால் வீட்டார் என்னைப் பார்த்தே பேசுவார்கள். "அக்கா, எனக்கு முன்னாடி நீங்களே பதில் சொல்லிட்டீங்க" என்று ஒருத்தி கேட்டபிறகுதான் வாயை மூடக் கற்றேன்.

இதெல்லாம் நான்கு பேரை வைத்துச் சொல்வது. எல்லா வீடும் கால் மணி நேரத்துக்குள். மணிக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டிய கிராமப்புறத்தில் எடுபடுமா, நான் செய்து பார்த்ததில்லை. சட்டத்துக்கு மட்டும் இன்னும் பயிலரங்குக்குத்தான் அனுப்புகிறேன்.