கிட் புல் அடிக்கும்போது மெர்ஜா, ரீபேஸா?

கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில், மெயின் என்ற ஒரே பிராஞ்ச் (வேலைக் கிளை) மூன்று இடத்தில் நிற்கும். நாம் வேலை செய்யும் லோக்கல் மெயின், சர்வரில் உள்ள மெயின், அப்புறம் ஆரிஜின்/மெயின். இந்த மூன்றாவது சர்வரில் இருப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அதுவும் நம் கணினியில்தான் இருக்கிறது. நாம் கடைசியாக ஃபெட்ச் (சர்வரில் உள்ளதை இறக்குவது) செய்தபோதோ புஷ் (நம்முடையதை அங்கே ஏற்றுவது) செய்தபோதோ சர்வர் எங்கே நின்றது என்ற குறிப்பு, அவ்வளவுதான். அதனால் கிட் ஸ்டேட்டஸ் கட்டளை 'எல்லாம் அப்டுடேட்' என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். நெட்டைத் துண்டித்துவிட்டு அடித்தாலும் அதையேதான் சொல்லும்.

புல் என்பது ஃபெட்ச் செய்துவிட்டு, வந்ததை நம் பிராஞ்சோடு சேர்ப்பது. தகராறு சேர்ப்பதில்தான். நம்மிடம் புஷ் செய்யாத 2 காமிட் (பதிந்த மாற்றம்), சர்வரில் வேறொருவர் போட்ட 3 காமிட் என்று வைத்துக்கொள்வோம்.

மெர்ஜ் இந்த ஐந்தையும் தொடாது. இரண்டு பெற்றோர் கொண்ட ஆறாவது காமிட் ஒன்றைப் போட்டு முடிச்சிடும். பாதுகாப்பானதுதான். ஆனால் ஐந்தாறு பேர் தினமும் இப்படிச் செய்தால் லாக் (காமிட் பட்டியல்) முழுக்க 'மெர்ஜ் பிராஞ்ச் மெயின்' வரிகளாக நிரம்பி, உண்மையான மாற்றத்தைத் தேட வேண்டியிருக்கும்.

ரீபேஸ் நம் இரண்டையும் கழற்றி, அந்த மூன்றின் மேல் மறுபடி அடுக்கும். வரலாறு நேர்கோடு. ஆனால் அவை பழைய காமிட்கள் அல்ல, ஹேஷ் (காமிட்டின் அடையாள எண்) மாறிவிடும். கான்ஃபிளிக்ட் (இரு பக்கமும் ஒரே இடத்தை மாற்றிய மோதல்) வந்தால் மெர்ஜில் ஒரே தடவை தீர்க்கலாம். இங்கே ஒவ்வொரு காமிட்டுக்கும் தனித்தனியாகத் தீர்க்க நேரலாம். போதாக்குறைக்கு, கான்ஃபிளிக்டில் இரு பக்கங்களைக் குறிக்கும் 'அவர்ஸ்' (நம்முடையது), 'தேர்ஸ்' (அவர்களுடையது) இரண்டும் இடம் மாறும்: ரீபேஸில் 'அவர்ஸ்' என்பது சர்வர் பக்கம். பழகியவர்களே குழம்பும் இடம் இது.

முன்பெல்லாம் புல் கேட்காமலே மெர்ஜ் செய்துவிடும். 2020இல் வந்த 2.27 பதிப்பு எச்சரிக்கத் தொடங்கியது. 2021இன் 2.33.1 முதல், இரு பக்கமும் பிரிந்திருந்தால் வழியைச் சொல்லும்வரை நின்றுவிடுகிறது. நல்ல முடிவு.

என் ஓட்டு: கான்ஃபிக்கில் (கிட் அமைப்புகளில்) புல்.எஃப்எஃப்=ஒன்லி (pull.ff=only). பிரிந்திருந்தால் புல் நின்றுவிடும். லாக்கைப் பார்த்துவிட்டு நாமே முடிவெடுக்கலாம். இன்னும் புஷ் செய்யாத சொந்த வேலை என்றால் ரீபேஸ். நாலு பேர் எடுத்து வேலை செய்யும் பிராஞ்ச் என்றால் மெர்ஜ், யோசிக்கவே வேண்டாம். ரீபேஸுக்குப் பின் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மேலெழுதும் புஷ்) செய்தே ஆகவேண்டுமென்றால் 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' போடுங்கள். சர்வர் பிராஞ்ச் உங்களிடமுள்ள ஆரிஜின் குறிப்போடு பொருந்தாவிட்டால் அது மறுத்துவிடும். ஆனால் எடிட்டரில் ஆட்டோஃபெட்ச் ஆனில் இருந்தால் அந்தக் குறிப்பு பின்னணியில் தானாகப் புதுப்பிக்கப்பட்டு, நீங்கள் பார்க்காத காமிட்டையும் அழிக்க விட்டுவிடும். முதலில் ஆட்டோஃபெட்சை அணைத்துவிடுங்கள்.