சாண கேஸ்: அடுப்பா, டீசல் எஞ்சினா, கேஸ் எஞ்சினா?

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் பண்ணை. பெரிதும் சிறிதுமாக 40 மாடுகள், நாளுக்கு 300 லிட்டர் பால். அதை நாங்களே பதப்படுத்தி, குளிரூட்டி, பாக்கெட் போட்டு விற்கிறோம். தினமும் 500 கிலோ சாணமும், மண்டபங்கள், ஓட்டல்களிலிருந்து வரும் 300 கிலோ சாப்பாட்டு மிச்சமும் சாண கேஸ் எடுக்கும் கலனுக்குள் போகின்றன. இதிலிருந்து 45 முதல் 50 கனமீட்டர் கேஸ் கிடைக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் சாணத்தைவிடச் சோறும் குழம்பும் இரண்டு மடங்குக்கு மேல் கேஸ் தரும் என்பது கலன் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்த கேஸை வைத்து என்ன செய்வது என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். சுத்திகரித்து சிலிண்டரில் அடைத்து வண்டிக்கு விற்கலாம் என்றார்கள். அதெல்லாம் நாளுக்கு ஆயிரக்கணக்கில் கனமீட்டர் எடுப்பவர்களுக்கு. எங்கள் அளவுக்குக் கம்ப்ரஸர் செலவே கட்டாது. மீதி மூன்று வழி: நேரே பர்னரில் எரிப்பது, டீசல் எஞ்சினில் கேஸையும் சேர்த்து ஓட்டுவது, முழு கேஸ் எஞ்சின் வைத்து மின்சாரத்தோடு சூட்டையும் எடுப்பது. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். இரண்டரை வருடம் ஓடிவிட்டது.

முதலில் பர்னரைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கனமீட்டர் சாண கேஸ் ஏறக்குறைய 450 கிராம் எல்பிஜிக்குச் சமம். எங்கள் 48 கனமீட்டரை அப்படியே எரித்தால் தினமும் ஒரு 19 கிலோ சிலிண்டருக்குச் சற்று மேலேயே மிச்சம். அதே கேஸ் எஞ்சினில் 68 யூனிட் மின்சாரம்தான் தருகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால்கூட 550 ரூபாயைத் தாண்டாது. சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டால் கணக்குப்படி பர்னர்தான் ஜெயிக்கிறது. என் மச்சான் பால்கோவா போடுகிறார். அவருக்கு நாள் முழுக்கக் கொழுந்துவிட்டு எரியும் அடுப்பு வேண்டும், முன்பு சிலிண்டரில்தான் எரித்துக்கொண்டிருந்தார். அவர் பர்னர் வைத்தது முழுக்க முழுக்கச் சரி.

ஆனால் நாங்கள் சிலிண்டர் எரித்ததே இல்லை. வெந்நீர் அடுப்புக்கு எங்கள் தோப்புத் தென்னை மட்டையே போதும். காசில்லாத மட்டையை மிச்சப்படுத்த கேஸை எரிப்பானேன்? எங்களுக்கு வலித்தது கரண்டு பில்லும், கரண்டு போனால் பால் குளிரூட்டிக்காக ஊற்றும் டீசலும்தான். பாசன மோட்டாருக்கு இலவச மின்சாரம் உண்டு, சரி. பால் பதப்படுத்தும் கொட்டகைக்கு அது வராது.

அப்புறம் சூடு. எஞ்சினுக்குள் போகும் கேஸில் கால் பங்குதான் மின்சாரமாகிறது, மிச்சமெல்லாம் சூடாக வெளியேறுகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் வரும். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பதப்படுத்த இது தாராளம். கேன், குழாய் கழுவவும் இதே வெந்நீர்தான். நாளுக்குச் சுமார் 1,500 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கும் அளவு வெப்பம் சும்மா கிடைக்கிறது. பால்கோவாவுக்கு இந்தச் சூடு பற்றாது, தயிருக்கும் பாக்கெட் பாலுக்கும் அளவெடுத்துத் தைத்தது போல.

ஜெர்மனியில் இது வேறு கதை. 2000-ல் வந்த சட்டம் 20 வருடத்துக்கு நிலையான விலை கொடுத்ததால் பண்ணைகள் மின்சாரத்தை கிரிட்டுக்கு விற்றன. எஞ்சின் சூடு குளிர்காலத்தில் கலனைக் கதகதப்பாக வைக்கவும், பக்கத்து வீடுகளுக்கும் போனது. நம் ஊர் வெயிலில் கலனுக்குச் சூடே வேண்டியதில்லை. அதனால் வெந்நீருக்கு வேலை இல்லாத இடத்தில் இந்த ஏற்பாடு பாதி வீண். சேலம், ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் அரைக்கக் கரண்டும் வேண்டும், சூடும் வேண்டும். அங்கே பொருந்துகிறது.

டீசலோடு கலந்து ஓட்டும் எஞ்சினை நான் நண்பர் பண்ணையில் பார்த்ததுதான், சொந்த அனுபவம் இல்லை. கேஸைப் பற்றவைக்க ஐந்தில் ஒரு பங்காவது டீசல் போய்க்கொண்டே இருக்கும். கேஸ் தீர்ந்தால் முழு டீசலில் ஓடும் என்பது பெரிய வசதி. விற்கும்போதும் அதற்குத்தான் மவுசு: கேஸ் குழாயைக் கழற்றிவிட்டால் சாதாரண டீசல் ஜெனரேட்டர், எவரும் வாங்குவார்கள். எங்கள் கேஸ் எஞ்சினைப் பார்த்து மெக்கானிக் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "டீசல்னா கண்ணை மூடிட்டுப் பிரிச்சுப் போடுவேனுங்க. இது பிளக் வச்ச எஞ்சின், நம்மகிட்ட விடாதீங்க." இன்றைக்கும் பிளக், இக்னிஷன் வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்துதான் ஆள் வரவேண்டும்.

இவ்வளவு இருந்தாலும் எஞ்சின் நிலைப்பதும் நிலைக்காததும் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: கேஸில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அந்த அழுகிய முட்டை நாற்றம். முட்டை, கறி மிச்சம் கூடினால் இதுவும் கூடும். எஞ்சினுக்குள் எரிந்து ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். ஆயிலைக் கெடுக்கும், பேரிங்கைத் தின்னும். எஞ்சின் விற்றவர்கள் கேஸிலிருந்து இதை வடிகட்ட ஒரு சின்ன டிரம்மில் இரும்புத் துகள் நிரப்பிக் கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றார்கள். ஐந்தாவது மாதம் பேரிங் போயிற்று. பிரித்துப் பார்த்தால் செம்பு கலந்த பாகமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. டிரம்மில் இருந்த துகள் எப்போதோ கரியாகிவிட்டிருக்கிறது, நாங்கள் திறந்தே பார்க்கவில்லை.

இப்போது இரண்டு டிரம். லேத் பட்டறையிலிருந்து இரும்புச் சுருள் வாங்கி, தண்ணீர் தெளித்து நன்றாகத் துருப்பிடிக்க வைத்துத்தான் போடுகிறோம். வேலை செய்வது துருதான். ஒன்று ஓடும்போது மற்றதைக் காலி செய்து நிழலில் பரப்பி ஈரமாக வைத்தால் கறுப்பு மறுபடி பழுப்பாகும். காயவிட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், ஜாக்கிரதை. கூடவே ஒரு மீன் தொட்டி மோட்டார், கலனின் மேல்பகுதிக்குள் மணிக்கு 80 லிட்டர் காற்று விடுகிறது. அது கேஸில் 4 சதவீதம். அந்தக் காற்றைக் கொண்டு பாக்டீரியாவே பாதிக்கு மேல் சல்பைடை மஞ்சள் கந்தகமாக்கிவிடுகிறது. இஷ்டத்துக்குக் காற்று விட்டால் வெடிக்கும் கலவையாகிவிடும், அளவுமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். மூக்கையும் நம்பக் கூடாது. இந்த வாயு கூடினால் மணமே தெரியாமல் போய்விடும். வாரம் ஒருமுறை லெட் அசிடேட் தாளைக் காட்டிப் பார்க்கிறேன், கறுத்தால் டிரம் மாற்றும் நாள்.

எஞ்சினை அடிக்கடி நிறுத்திப் போடுவதையும் விட்டுவிட்டோம். ஆறும்போதுதான் உள்ளே வியர்த்து அமிலம் படிகிறது. பலூனில் கேஸைச் சேர்த்து ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் ஓட்டுகிறோம். புகைக் குழாயிலிருந்தும் சூடு எடுக்கலாம் என்றார்கள். புகை 150 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அங்கேயும் அமிலம் படியும் என்பதால் அதைத் தொடவில்லை. ஆயிலைப் புத்தகம் சொல்லும் 250 மணிக்குப் பதிலாக 150 மணியில் மாற்றுகிறேன். ஆயில் செலவு கூடத்தான், பேரிங் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. முழு ஓவர்ஹாலை இன்னும் பார்க்கவில்லை, அந்தச் செலவு வந்தபின் என் கணக்கு மாறலாம்.

ஆடியும் மார்கழியும்தான் தொல்லை. முகூர்த்தம் இல்லை, மண்டபம் பூட்டு, கேஸ் பாதியாகிவிடும். தை பிறந்ததும் மூன்று மண்டபத்து மிச்சம் ஒரே நாளில் வந்து நிற்கும். ஆசைப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் கலன் புளித்து, கேஸ் வந்தாலும் எரியாது. போன தையில் அப்படித்தான் பத்து நாள் எஞ்சினை நிறுத்தினோம். அந்தப் பத்து நாளும் நண்பருடைய டீசல் எஞ்சின் மேல் பொறாமையாகத்தான் இருந்தது. இப்போது வரும் மிச்சத்தை டிரம்மில் மூடி வைத்து, நாளுக்கு 300 கிலோவுக்கு மேல் ஒரு வாளிகூட விடுவதில்லை. வாழை இலையைப் பொறுக்கி எடுக்க மட்டும் ஒரு அக்கா தனியாக வருகிறார்.