குரலை நறுக்குவதா, பாடிக் கொடுப்பதா?

சொந்தக் குரலில் குரல்வங்கி, அதாவது கணினி நம் குரலில் பாடுவதற்கான ஒலித்தொகுப்பு, செய்ய ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் "எந்த மைக் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். மைக் இருக்கட்டும். எந்த முறையில் பதியப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நோகப்போவது தொண்டையா முதுகா என்பது முடிவாகும்.

ஒலித்துண்டுகளை ஒட்டிப் பாடவைக்கும் மென்பொருள் யூடாவ், 2008இல் வந்தது. அதன் பழைய வழி சிவி (CV): சி என்றால் மெய், வி என்றால் உயிர். க, கி, கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாகச் சேமிப்பது. நம் உயிர்மெய்யேதான். ஆனால் 216ம் வேண்டாம். உயிரை மென்பொருளே இழுத்துக்கொள்ளும், ஆகவே நெடில் தனியாகத் தேவையில்லை; ஐ, ஔ இரண்டையும் ஒட்டிச் செய்யலாம். ஐந்து குறில், 18 மெய் என்றால் 90. 'கல்'லில் வரும் ககரம் வேறு, 'தங்க'த்தில் வருவது வேறு என்பதால் வல்லினத்தின் மாற்றொலிகளையும் சேர்த்தால் 120 பக்கம் வரும். ஒரு மாலையில் முடிந்துவிடும்.

முடிந்த பிறகுதான் வம்பு. ஜப்பானியச் சொல் பெரும்பாலும் உயிரில் முடியும், மிஞ்சினால் ஒரு 'ன்'. அந்த மொழிக்காகப் பிறந்த முறைக்கு நம் மெய்யீறு புரியாது. 'பால்' 'பாலு' ஆகும், 'பக்கம்' பல்லிழந்து போகும்.

அடுத்த வழி விசிவி (VCV), உயிர்-மெய்-உயிர். இதில் 'அ-க-கி-கு' என்று தாளத்தோடு தொடராகப் பாடி, முந்தைய உயிரையும் சேர்த்து வெட்டுகிறோம். துண்டுகள் ஒட்டும் இடம் உயிரின் நடுவில் விழுவதால் குழைவு அருமை; ர, ல, ழ வரும் இடங்களில் சிவி கிட்டவே நிற்க முடியாது. விலை? 120ஐ ஐந்து உயிரால் பெருக்குங்கள்: 600. துண்டு ஒவ்வொன்றையும் எப்படி ஒட்டுவது என்று யூடாவுக்குச் சொல்லும் ஓட்டோ (oto) கோப்பில் ஆளுக்கு ஐந்து எண்கள்: எங்கே தொடங்குவது, எதுவரை இழுக்கக்கூடாது, எங்கே முடிப்பது, தாளத்துக்கு எவ்வளவு முந்தி மெய் ஒலிப்பது, முந்தைய துண்டின் மேல் எவ்வளவு ஏறுவது. ஆக 3,000 எண்கள். சீரான தாளத்தில் பதிந்திருந்தால் கருவி ஓரளவு நிரப்பித் தரும். திருத்துவது நம் தலையெழுத்து. இத்தனைக்கும் மெய்யீறு இன்னும் பாக்கி.

தமிழுக்கு என் ஓட்டு சிவிவிசிக்கு (CVVC), அதாவது மெய்-உயிர்த் துண்டும் உயிர்-மெய்த் துண்டும் தனித்தனியாக. 120 உயிர்மெய்யோடு அண், இண், உண் போன்ற துண்டுகள் இன்னும் நூற்றுச் சொச்சம். 'பால்', 'ப'வும் 'அல்'லும் சேர்ந்து சரியாக மூடும். குழைவில் விசிவிக்கு ஒரு படி கீழேதான், மறுக்கவில்லை. ஆனால் பதிந்த சுருதியை விட்டு வெகுதூரம் போனால் எந்தக் குரலும் பொம்மைக்குரலாகிவிடும் என்பதால் பலர் மூன்று சுருதிகளில் பதிகிறார்கள். 240ஐ மூன்று முறை சொல்லலாம். 600ஐ?

செயற்கை நுண்ணறிவால் பாடும் டிஃப்சிங்கர் (DiffSinger) வேறு சாதி. நறுக்கல் கிடையாது, பாட்டாகவே பாடிக் கொடுக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. மூச்சு, இழைவு எல்லாம் கற்றுக்கொள்ளும். பதிவதுதான் சுகம். பிறகு ஒவ்வொரு ஒலியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்க வேண்டும், பயிற்றுவிக்க நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். வங்கியைப் பிறருக்குக் கொடுக்கும் எண்ணமிருந்தால் உரிமைச் சிக்கல் இல்லாத மெட்டுகளையே பாடுங்கள்.

எல்லா முறைக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு: மறுநாள். வாய்க்கும் மைக்குக்கும் இடையே நேற்றிருந்த தூரம் இன்று இருக்காது. நாற்காலிக் கால்கள் நின்ற இடத்தில் நான் தரையில் ஒட்டுநாடா ஒட்டி வைத்திருக்கிறேன்.