5 வருடம், 51 ரெக்கார்டிங்: பியானோ வாசித்து நண்பர்களுக்கு அனுப்பிய அனுபவம்

எனக்கு 43 வயதில்தான் பியானோ கைக்கு வந்தது. 88 கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ, விலை ஏறக்குறைய 60 ஆயிரம் ரூபாய். கோவையில் அடுக்குமாடி வீடு. ராத்திரி 9 மணிக்கு மேல்தான் உட்கார நேரம் கிடைக்கும், அதனால் எப்போதும் ஹெட்போன்தான். முதல் எட்டு மாதம் நான் வாசித்ததை என்னைத் தவிர யாருமே கேட்டதில்லை. பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக் கேட்டது கட்டை அழுந்துகிற டொக் டொக் சத்தம் மட்டும்.

2020 ஆகஸ்டில், ஊரடங்கு நேரத்தில், என்னைப் போலவே பெரிய வயதில் கற்றுக்கொள்ளும் 11 பேர் ஆன்லைனில் ஒன்று சேர்ந்தோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு ரெக்கார்டிங் அனுப்ப வேண்டும், மற்றவர்கள் கேட்டுவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. மதுரையிலிருந்து ஒரு டாக்டர், திருச்சியில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சிங்கப்பூரில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு அக்கா, பாளையங்கோட்டையில் சர்ச்சில் ஞாயிறுதோறும் கீர்த்தனைக்கும் பாமாலைக்கும் கீபோர்டு வாசிக்கும் ஒரு அண்ணன். மேடை ஏறிச் சம்பாதிக்கிறவர் ஒருவரும் இல்லை. 2025 ஜூலையோடு 60 மாதம் ஆகிவிட்டது. நான் 9 மாதம் தவறவிட்டேன், 51 அனுப்பியிருக்கிறேன். 11 பேரில் 7 பேர் இன்னும் இருக்கிறோம்.

இப்படி ஒரு பழக்கத்தைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பியானோவைப் பற்றிச் சொல்வதை விட, ரெக்கார்டிங் செய்வதும் அனுப்புவதும் ஒருவரை என்ன செய்யும் என்பதைச் சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் பதிவு செய்யும் விதம். ஆரம்பத்தில் எல்லோரும் பியானோவின் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு, பக்கத்தில் போனை வைத்துத்தான் எடுத்தோம். கேட்டால் எல்லாம் ஒரே சத்தம். மெதுவாக வாசித்த இடமும் ஓங்கி வாசித்த இடமும் ஒரே உயரத்தில் நின்றன. போனின் மைக் மனிதக் குரலுக்காக அமைந்தது. சத்தம் குறைந்தால் தானாகத் தூக்கிவிடும், கூடினால் அமுக்கிவிடும். பேச்சுக்கு அது நல்லது. பியானோவுக்கு அப்படி அல்ல. 1700 வாக்கில் ஃப்ளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி என்ற கருவி செய்பவர் பியானோவை முதன்முதலில் செய்தபோது அதன் பெயரே 'மெதுவாகவும் பலமாகவும்' என்ற பொருளில் இத்தாலிய மொழியில் அமைந்தது. பியானோ என்று சுருங்கி நிற்பது அதன் 'மெதுவாக' பாதிதான். போன் அந்த மெதுவைத்தான் முதலில் காலி செய்தது.

வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பியபோது இன்னும் மோசம். ஒரு சுருதி (ஒரு கட்டையை அழுத்தினால் வரும் ஒலி) மெல்ல அடங்கிப் போகும் அந்த வால் பகுதி தேய்ந்துபோய் வந்தது. இரண்டு மாதம் கழித்து டாக்டர்தான் வழி சொன்னார்: ஃபைலை டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போது உள்ளது உள்ளபடி போகும். அப்புறம் நான் பியானோவிலிருந்து யூஎஸ்பி ஒயர் வழியாக லேப்டாப்புக்கு நேராக எடுக்கத் தொடங்கினேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அமுக்காத வேவ் ஃபைல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும், எம்பி3 ஆக்கினால் நாலில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். டிசம்பரில் ஒரு முறை ஜூமில் எல்லோரும் நேரலையாக வாசிப்போம். அதில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைப் போடாமல் விட்டால், நீண்டு ஒலிக்கும் சுருதியை ஃபேன் சத்தம் என்று எண்ணி அது வெட்டிவிடும். முதல் வருடம் திருச்சி சார் வாசித்ததில் பாதி எங்களுக்கு வந்தே சேரவில்லை. அவர் முடித்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பதிவு பட்டனை அழுத்தியதும் வரும் பயத்துக்கு ஐந்து வருடத்தில் மருந்து கிடைக்கவில்லை என்றாலும், சமாளிக்க வழி கிடைத்தது. பத்து தடவை சரியாக வந்த பாட்டு, பதிவு ஓடத் தொடங்கியதும் மூன்றாவது பாரிலேயே (பார் என்பது இசைத்தாளில் ஒரு தாளக் கட்டம்) தட்டுப்படும். திரும்பத் திரும்ப எடுக்க எடுக்க விரல் இறுகும். ஏழாவது டேக்கில் தப்பு இருக்காது, பாட்டும் இருக்காது. இப்போது நான் செய்வது, உட்காரும்போதே பதிவைப் போட்டுவிடுவது. ஸ்கேல், விரல் பயிற்சி, பாட்டு எல்லாம் சேர்த்து 40 நிமிடம் ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். கால் மணி நேரத்தில் பதிவு ஓடுவது மறந்துபோகும். அதிலிருந்து ஒரு முழு வாசிப்பை மட்டும் எடுத்து அனுப்புவேன். ஆனால் நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. அது எங்கள் முதல் விதி. தப்பு விழுந்தால் தப்போடுதான் போக வேண்டும்.

இந்த விதி இன்னொரு வகையிலும் உதவியது. 2020 முதல், லண்டனைச் சேர்ந்த இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டியும் ஏபிஆர்எஸ்எம்மும் வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பும் கிரேடு தேர்வுகளை நடத்துகின்றன. ஏபிஆர்எஸ்எம் தேர்வில் நாலு பாட்டையும் இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவில் வாசிக்க வேண்டும். எங்களில் இரண்டு பேர் அப்படி எழுதித் தேறினார்கள். தேர்வு என்று தனியாக ஒரு படபடப்பு இல்லை, இதுவும் ஒரு முதல் ஞாயிறு மாதிரிதான் இருந்தது என்றார்கள்.

சரி, பின்னூட்டத்துக்கு வருகிறேன். இந்தப் பழக்கம் நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

முதல் ஐந்தாறு மாதம் 'அருமை', 'சூப்பர்', கைதட்டும் படம். மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் ஒரு நாள், நான் பாதி அனுப்பி நின்றுபோன ஃபைலுக்கும் 'அருமை' வந்தது. கேட்காமலே எழுதுகிறார்கள் என்று தெரிந்ததும் பழைய பாராட்டெல்லாம் பொய்யாகத் தோன்றியது. அதனால் அடுத்த மாதம் நாங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். குறை சொல்வதுதான் உதவி என்று பேசிக்கொண்டோம். அப்போது ஒருவர், 50 வயதைத் தாண்டியவர், இசையமைப்பாளர் கிளெமெண்டியின் ஓபஸ் 36 (ஓபஸ் என்பது படைப்பு எண்) தொகுப்பில் சொனாட்டினா என்ற சிறு இசைப்படைப்பு ஒன்றின் முதல் பகுதியை அனுப்பினார். நான் உட்கார்ந்து ஏழு தப்பைப் பட்டியல் போட்டு அனுப்பினேன். ஏழும் உண்மையான தப்புகள்தான். 'நன்றி' என்று ஒரு வரி எழுதினார். அதற்கப்புறம் அவர் எதுவும் அனுப்பவில்லை. தனியாகப் பேசி மன்னிப்புக் கேட்டேன், அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். திரும்பி வரவில்லை. மூன்று மாத உழைப்பை அவர் கையில் ஏந்தி வந்து காட்டியிருக்கிறார், நான் அதில் ஓட்டையை மட்டும் எண்ணியிருக்கிறேன். இதை நினைக்காமல் நான் யாருக்கும் இப்போது எழுதுவதில்லை.

அதன்பிறகு பாளையங்கோட்டை அண்ணன் ஒரு முறையைக் கொண்டுவந்தார். எழுதுகிறவர் நிமிடம், விநாடி போட்டு ஒரு இடத்தைக் குறிக்க வேண்டும். மனதில் நின்ற இடம் ஒன்று கட்டாயம். மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றினால் அதுவும் ஒன்றுதான், அதற்கு மேல் கூடாது. அனுப்புகிறவரும் எத்தனை வாரமாக வாசிக்கிறார், எந்த இடத்தில் யோசனை வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சின்ன மாற்றம்தான். ஆனால் விநாடி போட வேண்டும் என்றால் கேட்டே ஆக வேண்டும். கேட்டிருக்கிறார்கள் என்ற உறுதிதான் உண்மையான ஊக்கம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போலந்து இசையமைப்பாளர் ஷோப்பினின் ஓபஸ் 28, நாலாவது பிரிலூட் (சின்னத் தனிப்பாட்டு), இ மைனர். மொத்தமே 25 பார், ஒரே பக்கம். 1849-ல் பாரிஸில் ஷோப்பினின் இறுதிச் சடங்கில் ஆர்கனில் வாசிக்கப்பட்டது இது. வலது கையில் நீண்ட சுருதிகள், இடது கையில் மூன்று மூன்று சுருதியாக ஒரே கார்டு (சேர்த்து அழுத்தும் சுருதிக் கூட்டு) திரும்பத் திரும்ப. பார்த்தால் எளிது. ஆறு வாரம் வாசித்து 2022-ல் அனுப்பினேன். அண்ணன் எழுதியது இது: 'தம்பி, 1:32-ல ஓங்கி வந்து அடங்குற இடம் நெஞ்சுல நிக்குது. ஆனா 0:10-ல இருந்தே இடது கை கதவைத் தட்டுற மாதிரி இருக்கு. விரலைத் தூக்காதீங்க. கட்டை முழுசா மேல வர்றதுக்குள்ளயே அடுத்ததை அழுத்திப் பாருங்க.'

எனக்கு இடது கை மெதுவாகத்தான் வாசிக்கிறது என்ற எண்ணம். நம்பாமல், மிடி என்ற டிஜிட்டல் பதிவை எடுத்துப் பார்த்தேன். மிடியில் ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு வேகமாக, அதாவது எவ்வளவு பலமாக, அழுந்தியது என்பது 1 முதல் 127 வரை எண்ணாக நிற்கும். வலது கை மெட்டு 66, 68 என்று இருந்தது. இடது கை 70-க்கு மேல். முதல் பாரை எண்ணிப் பாருங்கள்: இடது கை எட்டு தடவை மூன்று மூன்றாக 24 கட்டை அழுத்துகிறது, வலது கை இரண்டே இரண்டு. 24 பேர் பேசும் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசுகிறவர் குரல் எப்படிக் கேட்கும்? அடுத்த மூன்று வாரமும் இடது கை மட்டும். கட்டையைப் பாதியில் பிடித்து மறுபடி அழுத்துவது என் பியானோவில் முடிந்தது. மூன்று சென்சார் உள்ள கட்டைகளில் அது வரும். எண்கள் 40 பக்கம் இறங்கின. இறங்கியதும், அந்தக் கார்டுகளுக்குள் ஒவ்வொரு விரலாகச் சுருதி கீழே நழுவுவது முதல் முறையாக என் காதில் விழுந்தது. பாட்டின் துக்கம் முழுக்க அந்த நழுவலில்தான் இருக்கிறது. ஆறு வாரம் வாசித்தும் நான் அதைக் கேட்கவே இல்லை.

திரும்ப அனுப்பினேன். அண்ணன் ஒரே வரி எழுதினார்: 'கடைசி மூணு கார்டுக்கு முன்னாடி விட்ட மௌனத்துல நானும் மூச்சு விடலை.'

நடுவில் கருவிச் சிக்கலும் வந்தது. மூன்றாம் வருடம் நடு ஆக்டேவில் ஒரு கட்டை சத்தம் போடத் தொடங்கியது. சர்வீஸுக்குப் போய்த் திரும்ப ஐந்து வாரம். அந்த மாதம் பதிவு இல்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து தூசி எடுக்கச் சொல்லுங்கள், ஒரு நல்ல துணியால் மூடி வையுங்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் நகரில் அமெச்சூர்களுக்கென்றே 1999 முதல் பியானோ போட்டி நடக்கிறது. 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். பாரிஸில் அதற்கும் முன்னதாக 1989-லேயே தொடங்கிவிட்டார்கள். இந்த வயதுக்கு மேல் எதற்கு என்று கேட்கிறவர்களிடம் டாக்டர் இதைத்தான் சொல்வார். எங்களுக்கு அந்த உயரம் எட்டாது, ஆனால் உலகத்தில் நம் மாதிரி ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்பது ராத்திரி தனியாக உட்காரும்போது ஒரு துணை.

சிங்கப்பூர் அக்கா 2023-ல் ஏழு மாதம் எதுவும் அனுப்பவில்லை. அப்பா தவறிவிட்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை, ஒவ்வொரு மாதமும் மற்றவர்கள் பதிவுகள் மட்டும் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன. எட்டாவது மாதம் ஒரு ஃபைல் வந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனின் ஓபஸ் 68, சிறுவர்களுக்காக 1848-ல் எழுதிய 43 பாட்டில் 28-வது. நினைவு என்பது தலைப்பு, கூடவே 1847 நவம்பர் 4 என்ற தேதி. ஷூமனின் நண்பரான இசையமைப்பாளர் மெண்டல்சோன் இறந்த நாள் அது. துக்கப் பாட்டு மாதிரியே இருக்காது, மேஜரில் ஒரு இதமான மெட்டு. அக்கா நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறி, நிறுத்தாமல் போயிருந்தார். கடைசிச் சுருதி அடங்கிய பிறகும் பதிவு கொஞ்ச நேரம் ஓடியது. பின்னால் பிள்ளை 'அம்மா' என்று கூப்பிடுவது கேட்டது. அந்த மாதம் மட்டும் யாரும் விநாடி போடவில்லை. திருச்சி சார் எழுதினார்: 'கேட்டேன்மா. மறுபடியும் கேட்டேன்.'

தொடங்க நினைத்தால் ஆறிலிருந்து பத்துப் பேர் போதும், அதற்கு மேல் போனால் எல்லாவற்றையும் கேட்க முடியாது. நோட்டேஷனுக்குச் செலவே வேண்டாம்; பதிப்புரிமை தீர்ந்த இசைத்தாள்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இருக்கின்றன. முதல் பதிவை அழிக்காதீர்கள். என்னுடைய முதல் பதிவு, பல வருடம் பாக்கின் பெயரில் இருந்து, பெட்சோல்ட் எழுதியது என்று பின்னால் தெரியவந்த அந்த ஜி மேஜர் மினுவெட் (ஒரு பழைய நடனப் பாட்டு). போன மாதம் அதைத் தேடி எடுத்துக் கேட்டேன். தாள வேகம் எங்கெங்கோ போகிறது. ஆனால் எட்டாவது பாரைத் தாண்டியதும் ஒரு சந்தோஷம் விரலில் தெரிகிறது.

இந்த மாதத்துக்கு அதே மினுவெட்டை மறுபடி வாசிக்கலாம் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.