வரி விளம்பரம் முதல் ஆப் வரை: பழைய பொருள் விற்ற என் அனுபவம்

முதன்முதலில் நான் விற்றது ஒரு தையல் மெஷின், செய்தித்தாள் வரி விளம்பரத்தில். வரிக்கு வரி காசு என்பதால் 'நல்ல நிலையில்' என்று சேர்ப்பதா வேண்டாமா என்றே அரை மணி நேரம் யோசித்தேன். வெளிவந்த அன்று காலை முழுக்க போன் அடித்தது, மறுநாள் ஓய்ந்துவிட்டது. ஆனால் கூப்பிட்டவர்கள் எல்லாம் நிஜமாகவே வாங்க நினைத்தவர்கள்.

ஆன்லைனுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரி விளம்பரத் தளம் 1995-ல் நண்பர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலாகத் தொடங்கியது என்பார்கள். இன்று அதன் பக்கத்தைப் பார்த்தாலும் அந்தக் காலத்துச் சாயல் தெரியும். 2016-ல் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் வந்தபோது விளம்பரம் போடுவது இன்னும் சுலபமானது, தலைவலியும் கூடவே வந்தது. 'இது இன்னும் இருக்கிறதா?' என்ற கேள்வி அங்கே தயாராக எழுதியே இருக்கும், ஒரு தட்டு போதும். தட்டுகிறவருக்கு என்ன செலவு? ஒரு மேசைக்கு நாற்பது பேர் கேட்டார்கள், நேரில் வந்தது மூன்று பேர், அதில் ஒருவர் வந்த பிறகுதான் தன் அறைக்குள் அது நுழையாது என்று கண்டுபிடித்தார்.

அதற்குப் பிறகு என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அடுத்து விற்ற புத்தக அலமாரிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதினேன். பக்கவாட்டில் இருந்த கீறலை மறைக்காமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தேன், அப்போதுதான் அளவு புரியும். கீழ்த்தட்டு லேசாக வளைந்திருப்பதையும் சொல்லிவிட்டேன். விசாரிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. முதலில் வந்தவரே, பேரம்கூடப் பெரிதாகப் பேசாமல், தூக்கிக்கொண்டு போனார்.

மோசடியும் பார்த்தாயிற்று. வாங்குவதாகச் சொல்லும் ஒருவர் பொருளைப் பார்க்காமலே சொன்ன விலைக்குச் சரி என்பார், பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணச் சொல்வார். அவர் எனக்கு அனுப்புவதற்கு நான் எதற்கு ஸ்கேன் பண்ணி ரகசிய எண் போட வேண்டும்? கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பது இன்னொரு வகை. பேரமே பேசாத ஆளிடம்தான் எனக்கு இப்போது சந்தேகம்.

ஒரு தளம் காரணமே சொல்லாமல் என் கணக்கை முடக்கியது, எழுதிக் கேட்டால் இயந்திர பதில்தான். அதிலிருந்து ஒரே இடத்தை நம்புவதில்லை, இரண்டு மூன்று இடத்தில் போடுகிறேன். புதிய விளம்பரங்கள் வர வர நம்முடையது அடியில் போய்விடும், வாரம் ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் யார் கண்ணிலும் படாது.

இப்போது ஒரு சைக்கிள் போட்டிருக்கிறேன். முதல் படமே துருப்பிடித்த செயின்தான். இரண்டே பேர் கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேருமே செயின் மாற்ற எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்டார்கள்.