எவர்சில்வரில் பெயர் பொறிக்க எந்த ஸ்டென்சில்?

பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த வேலையைச் சில ஆண்டுகளாக உப்புநீரும் மின்சாரமும் கொண்டு வீட்டிலேயே செய்துவருகிறேன். டம்ளர், தூக்கு, உளி, ஸ்பேனர் எல்லாவற்றிலும் பெயர் ஏறிவிட்டது. மின்சார வேலை எளிது: 12 வோல்ட் டிசி அடாப்டரின் நேர்முனையைப் பாத்திரத்தோடும், எதிர்முனையை உப்புநீரில் நனைத்த பஞ்சோடும் இணைக்க வேண்டும். பஞ்சை வைத்த இடத்தில் உலோகம் அரிபட்டு எழுத்து விழும். எழுத்து மட்டும் திறந்திருக்க, மற்ற இடத்தை மூடும் மறைப்புதான் ஸ்டென்சில். எழுத்து துலங்குவதும் கோணலாவதும் அதைப் பொறுத்தது.

நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் ஊசியால் கீறி எழுதலாம். ஸ்பேனருக்கு அது போதும்.

வண்டி நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வினைலில் பெயரை வெட்டித் தருவார்கள். எழுத்தை உரித்துவிட்டுச் சுற்றுப்பகுதியைக் கொடுங்கள் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நமக்கு வேண்டியது அவர்கள் குப்பைக்கூடைக்குப் போய்விடும். ஆங்கில எழுத்துக்கு வினைல் கச்சிதம். தமிழில்தான் சிக்கல். ண, ன, ஞ போன்றவற்றின் சுழிக்குள் நிற்கும் குட்டித் துணுக்கு, எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பஞ்சோடு வந்துவிடுகிறது. பஞ்சை வைத்த இடத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தால் சூடேறிப் பசையும் இளகும். மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை எடுத்து, மறுபடி நனைத்து வைக்கிறேன்.

இப்போது சிறிய எழுத்துக்கெல்லாம் சர்க்யூட் போர்டு செய்பவர்கள் பயன்படுத்தும் நீலநிற போட்டோ பிலிம்தான். மஞ்சள் விளக்கில் அதை உலோகத்தின் மேல் இஸ்திரிப்பெட்டியின் மிதமான சூட்டில் ஒட்டி, கறுப்பு எழுத்து அச்சிட்ட ஒளிபுகும் தாளை மேலே வைத்து, புறஊதா விளக்கு காட்ட வேண்டும். ஒளி பட்ட இடம் இறுகிவிடும். பிறகு மேலுறையை உரித்துவிட்டு வாஷிங் சோடா கரைசலில் கழுவினால் எழுத்து மட்டும் கரைந்து உலோகம் தெரியும். புள்ளியும் சுழியும் சிதையாமல் கிடைக்கின்றன. ஆனால் தட்டையான பரப்பிலும் டம்ளரிலும்தான் இது சரிப்படும். சொம்பின் வயிற்றில் சுருங்கி மடிந்துகொள்கிறது. பிலிம் சுருளை இருட்டில் வைக்க இடமில்லாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

எந்த ஸ்டென்சிலானாலும் ஒட்டுமுன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஓரங்களை டேப்பால் மூடிவிடுங்கள். உப்புநீர் வெளியே கசிந்தால் அங்கும் கறை விழும். முடிந்தபின் சமையல் சோடா நீரில் கழுவுகிறேன். உப்பு தங்கினால் எழுத்தில் துரு பிடிக்கும்.

உணவு படும் உட்பக்கத்தில் பொறிப்பதில்லை. ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை. எவர்சில்வரிலிருந்து குரோமியமும் நிக்கலும் கரைந்து வருவதால், மீந்த நீரைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாமல் மூடியுள்ள பழைய பாட்டிலில் தனியாகச் சேர்த்து வைக்கிறேன்.