இரண்டாண்டு கிரீன் கார்டிலிருந்து பத்தாண்டு கார்டுக்கு: ஒரு வழக்கறிஞருடன் எங்கள் அனுபவம்

2020 ஜனவரியில் மதுரையில் எங்கள் திருமணம் நடந்தது. கணவர் அமெரிக்கக் குடிமகன். கொரோனாவால் மும்பைத் துணைத் தூதரக நேர்காணல் தள்ளிப்போய், 2021 நவம்பரில்தான் நான் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தேன். அன்று எங்கள் திருமணத்துக்கு இருபத்திரண்டு மாதம். இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால் நேரடியாகப் பத்தாண்டு கார்டு கிடைத்திருக்கும். இரண்டு மாதம் குறைந்ததால், நிபந்தனையுடன் கூடிய இரண்டாண்டு கார்டு. போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் வந்த சட்டத்தின் விதி அது.

அந்தக் கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரி, கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்ட ஐ-751 மனுவை அனுப்ப வேண்டும். தவறவிட்டால் வசிப்புரிமையையே இழக்க நேரிடும். படிவத்தை யாரும் தாங்களே நிரப்பி அனுப்பலாம். ஒரே வீடு, கூட்டு வங்கிக் கணக்கு, கூட்டாகத் தாக்கல் செய்த வருமான வரி என்று எல்லாம் நேராக இருந்தால் வழக்கறிஞர் தேவையில்லை என்றே இன்றும் சொல்வேன்.

எங்கள் நிலை அப்படி இல்லை. பதினான்கு மாதங்கள் கணவருக்குப் பாஸ்டனில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே ஓர் அறை, வார இறுதியில் நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் எங்கள் வீடு. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, படிவம் நிரப்பித் தரும் ஒருவரிடம் முதலில் போனோம். "பாஸ்டன் அறையைப் பற்றி எங்கும் வாய் திறக்காதீர்கள்" என்றார் அவர். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற வாசகத்தின் கீழ் நாங்கள்தான் கையெழுத்திடப் போகிறோம், அவர் அல்ல. அன்றே எழுந்து வந்துவிட்டோம். அதன் பிறகுதான், மாநில வழக்கறிஞர் பதிவேட்டில் பெயரைச் சரிபார்த்து, குடிவரவுச் சட்டம் மட்டுமே பார்க்கும் ஒரு பெண் வழக்கறிஞரை அமர்த்தினோம். மொத்தக் கட்டணம் 1,800 டாலர். அரசுக் கட்டணம் தனி: நாங்கள் அனுப்பியபோது 680 டாலர், 2024 ஏப்ரலில் 750 ஆக உயர்ந்தது.

முதல் சந்திப்பிலேயே கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசினார். "நீங்கள் நிம்மதியாக வாழ்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் எல்லாப் பெண்களிடமும் இதைச் சொல்வேன்" என்று தொடங்கினார். திருமணம் முறிந்தாலோ, வீட்டில் வன்முறை இருந்தாலோ, கணவரின் கையெழுத்து இல்லாமல் மனைவி தனியாகவே மனுச் செய்யலாம். அதற்கு அந்த 90 நாள் கெடுவும் கிடையாது. திருமணம் உண்மையானது என்பதற்கான சான்றுகள் வேண்டும். எங்கள் இருவருக்கும் சேர்த்து அவர் வழக்கறிஞர் என்பதால், எங்களுக்குள் பிளவு வந்தால் அவர் விலகிக்கொள்வார், நான் வேறொருவரை நாட வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் "கார்டு வரும்வரை பொறுத்துக்கொள்ளம்மா" என்று ஊரிலிருந்து பெற்றோரே சொல்லக் கேட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடமாட்டேன் என்ற ஒரு மிரட்டலில் ஆண்டுக்கணக்காக வாய்மூடி இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சான்றுகளைத் திரட்டியதுதான் நீண்ட வேலை. பாஸ்டன் அறையை மறைக்காமல், அதையே விளக்கும் கடிதத்தை வழக்கறிஞர் முதலில் வைத்தார். அதற்குத் துணையாக, காரில் போகும்போதே சாலைச் சுங்கத்தைத் தானாகச் செலுத்தும் ஈசி பாஸின் பதிவுகளைக் கேட்டார். வெள்ளி இரவு நியூ ஜெர்சி நோக்கி, ஞாயிறு மாலை திரும்ப. பதினான்கு மாதமும் வாரம் தவறாமல். அச்சிட்டு மேசையில் வைத்தபோது கணவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் இத்தனை முறை வண்டியோட்டி வந்தது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

நண்பர்களின் கடிதங்களில் "அன்பான தம்பதி" போன்ற வரிகளை எல்லாம் அடித்துவிட்டார். எனக்குக் கால் முறிந்தபோது பாஸ்டனிலிருந்து நள்ளிரவில் யார் வந்தார் என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் எழுதி வாங்கச் சொன்னார்.

குறையும் உண்டு. அவர் அலுவலக உதவியாளர் தயாரித்த முதல் வரைவில், என் குடும்பப் பெயராக மாமனார் பெயர் இருந்தது. நம் வழக்கப்படி எனக்கு என் அப்பா பெயர், கணவருக்கு அவர் அப்பா பெயர். கணவன் மனைவிக்கு வெவ்வேறு பெயர் என்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. நான் வரிவரியாகப் படித்ததால் தப்பித்தோம். பிறகு தமிழ்ப் பெயர் முறையை விளக்கி ஒரு பக்கக் குறிப்பை வழக்கறிஞரே மனுவோடு சேர்த்தார். காத்திருந்த காலத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் வரச் சில நேரம் பத்து நாளானதும் உண்மை.

2023 ஆகஸ்டில் அனுப்பினோம். கார்டின் செல்லுபடியை 48 மாதங்கள் நீட்டிக்கும் ரசீதுக் கடிதம் வந்தது. வெளிநாடு போனால் பழைய கார்டோடு அந்தக் கடிதத்தின் அசலையும் எடுத்துப் போகச் சொல்லியிருந்தார் வழக்கறிஞர். சென்னை விமான நிலையத்தில் அதன் அருமை புரிந்தது. காலாவதியான தேதியைப் பார்த்த ஊழியர் ஏற்ற மறுத்தார். மேலதிகாரி வந்து கடிதத்தைப் படித்து முடிக்க நாற்பது நிமிடம்.

குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்பவர்கள் மூன்றாண்டில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஐ-751 நிலுவையில் இருப்பது அதற்குத் தடையில்லை. 2024இல் வழக்கறிஞர் இதை எடுத்துச் சொன்னார். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அம்மா மதுரையில் தனியாக இருக்கிறார். அந்த முடிவுக்கு என் மனம் வரவில்லை. விண்ணப்பித்திருந்தால் வழக்கறிஞருக்கு இன்னொரு கட்டணம் கிடைத்திருக்கும். ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. 2025 ஜூலையில் பத்தாண்டு கார்டு தபாலில் வந்தது. 2035இல் அதைப் புதுப்பிக்க ஐ-90 என்று வேறொரு படிவம் இருக்கிறது. அதில் என் கையெழுத்து மட்டும் போதும்.